தேர்தல் முடியட்டும்

ஓரிவாத் தீவு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். என் மகள் விசாலி பள்ளிக்கூடத்தில் படித்தபோது அட்லஸில் ஒரு தரம் காட்டினாள். நீலத்துக்கு நடுவில் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி ஒரு புள்ளி. அங்கே இருக்கிற சனம் மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்தாலும் புதுக்கோட்டை டவுனில் பாதியை நிரப்ப முடியாது. ஆனாலும் அதற்கென்று ஒரு கொடி உண்டு, ஒரு பார்லிமெண்ட் உண்டு, ஒரு அதிபர் உண்டு, அவரை எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருக்கும் எதிர்க்கட்சியும் உண்டு. என் வீட்டுக்காரர் உடையப்பனை இத்தனை வருஷமாகத் திருப்பித் தராமல் வைத்திருந்ததும் அந்தப் புள்ளிதான்.

திருமயத்தைச் சுற்றியிருக்கும் எங்கள் ஊர்களில் ஆண்கள் கடல் தாண்டிப் போய்க் கடை நடத்துவது ஒன்றும் அதிசயமில்லை. இவரும் அப்படித்தான் போனார். ஓரிவாவில் இவருடைய மாமாவுக்கு ஒரு கடை இருந்தது. அரிசி, டின் மீன், ஆணி, மண்ணெண்ணெய் எல்லாம் விற்கிற கடை. அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருஷம் என்று சொல்லிக் கைக்குழந்தையோடு என்னை விட்டுவிட்டுப் போனார்.

அங்கே டேனியல் மத்தோரு என்று ஒருவர் ரேடியோவில் காலையில் காற்று நிலவரமும் மீன் விலையும் வாசித்துக்கொண்டிருந்தார். நல்ல குரலாம். குரல் நன்றாக இருந்தால் மனுஷனுக்குத் தேர்தலில் நிற்கத் தோன்றிவிடும் போலிருக்கிறது. அவருடைய முதல் கூட்டத்தன்று கொட்டு கொட்டென்று மழை. இவர் பாவம் பார்த்துக் கடை கோடவுனைத் திறந்துவிட்டார். மத்தோரு அரிசி மூட்டை மேல் ஏறி நின்று பேசினார், இவர் கீழே நின்று கேட்டார். என் தலையெழுத்து அந்தக் கோடவுனில்தான் எழுதப்பட்டது.

அந்தத் தேர்தலில் மத்தோரு தோற்றார். 'பாவம், மனுஷன் ஒடிஞ்சு போயிட்டாரு. அடுத்த தேர்தல் முடியட்டும், வந்துர்றேன்' என்றார் இவர். அடுத்த தேர்தலில் மத்தோரு ஜெயித்தார். ஜெயித்த எம்.பி.க்கு நம்பிக்கையான காரியதரிசி ஒருவர் வேண்டுமாம். கடையை மாமா மகன் பொறுப்பில் விட்டுவிட்டு இவர் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். விசாலி பத்தாவது எழுதிய வருஷம் மத்தோரு மீன்வளத் துறை மந்திரி. அவள் காலேஜில் சேர்ந்த வருஷம் கட்சி உடைந்து, மத்தோரு பாதிக் கட்சிக்குத் தலைவர். ஒவ்வொரு தடவையும் போனில் எனக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்தான். தேர்தல் முடியட்டும்.

அங்கே எம்.பி.க்கள் கூடிக் கை தூக்கித்தான் அதிபரைத் தேர்ந்தெடுப்பார்கள். மத்தோரு அதிபரானது ஒரே ஒரு கை கூடுதலாக விழுந்ததால். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் காய்ச்சலோடு பக்கத்துத் தீவில் படுத்துக் கிடந்தவர். அவரைக் கம்பளி சுற்றிப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தது என் வீட்டுக்காரர். பெற்ற மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது திருமயம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான். இதை ஒரு தரம் சொல்லிக் காட்டினேன். 

விசாலி கல்யாணத்துக்கு வந்தார். வராமல் இருந்திருந்தால் நானே ஓரிவாவுக்குப் போய் ஆட்சியைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் சம்பந்தி வீட்டாரோடு பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானமாம். இடது காதில் போனை வைத்துக்கொண்டு, வலது கையால் பாயசத்தை வழித்துக்கொண்டு, ஒரு மந்திரிசபையைக் காப்பாற்றினார். மாப்பிள்ளை அருண் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

மத்தோருவைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். இவர் போன் பேசும்போது பக்கத்தில் இருந்தால் வாங்கி, 'ஆச்சி, வணக்கம், சாப்பாடு ஆச்சா?' என்று அந்த ரேடியோக் குரலில் கேட்பார். நான் அனுப்புகிற சீப்புச்சீடையைப் பார்லிமெண்டுக்கே எடுத்துக்கொண்டு போய்க் கொறிப்பாராம். என் வீட்டுக்காரரை என்னிடமிருந்து பிடித்து வைத்துக்கொண்டு அவ்வளவு பிரியமாகப் பேசுகிறவரை நான் எப்படித் திட்டுவது. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

இந்த வருஷம் ஆவணி அனுஷத்தில் இவருக்கு அறுபது முடிகிறது. அறுபதாம் கல்யாணத்தை எங்கள் பக்கத்தில் சாந்தி என்போம். ஓமம் வளர்த்து, கலசத் தண்ணீர் ஊற்றி, கட்டின பெண்டாட்டிக்கே மறுபடி தாலி கட்ட வேண்டும். பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில்தான் செய்யலாம். நாள் தவறினால் தவறினதுதான். போன வருஷமே சமையலுக்கு ஆள் பேசி, வீட்டுக்கு வெள்ளையடித்து, நான் தயாராக இருந்தேன். சித்திரையில் போன் வந்தது.

"தெய்வான, இங்க தேர்தல முன்னாடி இழுத்துட்டாக. ஆவணி பொறந்ததும் ஓட்டு. ஜெயிச்சா அடுத்த வாரமே பதவியேற்பு. மந்திரிசபை அமைக்கணும். நான் இல்லாமத் திண்டாடிப் போவாரு."

"ஒங்க அறுபதும் அந்த வாரந்தான் வருது."

"தெரியும். எழுபதுக்குச் சேத்துப் பெருசா வச்சுக்குவமே."

"எழுபதுக்கு நாம ரெண்டு பேரும் இருக்கணுமேங்க."

 "தோத்தா மறு பிளேன்லயே வந்துருவேன். ஆனா அவரு தோக்க மாட்டாரு" என்றார்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தாலி மறுபடி கட்டிக்கொள்ளும் ஆசை மட்டும் இல்லை அது. அந்த நாளையும் தேர்தல் தின்றுவிட்டால் இவர் இனி வரவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வருஷத்துக்கு ஒரு முறை வந்து பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போகிற மனுஷராகவே கடைசி வரை இருந்துவிடுவார். சிவன் கோயிலுக்குப் போய், மத்தோரு தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சீப்புச்சீடை ஞாபகம் வந்ததும், 'உடம்புக்கு ஒண்ணும் ஆகாமத் தோத்தாப் போதும்' என்று சேர்த்துக்கொண்டேன்.

ஊர் என்னோடு இல்லை. ஊர் மொத்தமும் மத்தோரு கட்சி. அதற்குத் தலைவர் சுந்தரேசன், என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனதிலிருந்து ஊரை மேனேஜ் செய்கிறார். மூன்றாவது தடவையும் அதிபராக ஜெயித்தால் எங்கள் ஊருக்கு வருவதாக மத்தோரு என் வீட்டுக்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அது சுந்தரேசன் காதுக்கு எட்டியதுதான் தாமதம், ஊருணிக்குப் புதுப் படித்துறை கட்டி அதை ஒரு நாட்டு அதிபரே திறந்துவைப்பது என்று முடிவாகிவிட்டது. ஊர் எல்லையில் பிளக்ஸ் போர்டும் ஏறிவிட்டது. மத்தோரு, நடுவில் கோபுரம், இந்தப் பக்கம் சுந்தரேசன். என் வீட்டுக்காரர் ஒரு மூலையில் பாஸ்போர்ட் அளவில் இருந்தார்.

ஆடியில் ஒரு காலை சுந்தரேசன் என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டார். ஐந்தாறு பேர் தேங்காய் பழத் தட்டோடு நின்றார்கள்.

"அண்ணமிண்டி, பிரசிடெண்ட் ஜெயிக்கணும்னு ஒரு மண்டலம் தெனமும் அர்ச்சனை பண்றதா ஊருல முடிவு பண்ணிருக்கோம். நீங்க இல்லாம ஆரம்பிக்கக் கூடாதுல்ல."

அண்ணன் மனைவி என்பதால் என்னை அவர் அண்ணமிண்டி என்றுதான் கூப்பிடுவார். நான் தலையை ஆட்டினேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போல, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மத்தோருவுக்கு ஏது நட்சத்திரம்.

"தெரியாட்டாப் பரவாயில்ல. சுவாமி பேருக்கே பண்ணிடலாம்" என்றார் குருக்கள்.

"அதெப்படிங்க சாமி. அட்ரஸ் இல்லாத கவரு மாதிரி வேற எங்கிட்டாவது போயிரும்ல" என்றார் சுந்தரேசன். பேங்க் புத்தி. பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணன் கூடவே இருக்கவருல்ல. ஒங்களுக்குத் தெரியாம இருக்காதே. சொல்லுங்க."

குருக்கள் தட்டோடு என் முகத்தைப் பார்த்தார். அந்த இடத்தில், அந்தத் தூணுக்குப் பக்கத்தில், அவர் அப்படிப் பார்க்கும்போதெல்லாம் நான் சொல்லி வந்தது ஒன்றுதான். முப்பது வருஷப் பழக்கம். "அனுஷம், விருச்சிக ராசி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் உறைத்தது. திருத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் சுந்தரேசன் அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். இருபது பேர் கும்பிடு அனுப்பிவிட்டார்கள். குருக்கள் மட்டும் என்னை ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தெரியாத நட்சத்திரமா அது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே திரும்பினார். மத்தோரு பெயர் காதில் விழுந்ததோ இல்லையோ, அனுஷம் மட்டும் கணீரென்று விழுந்தது.

அதன் பிறகு தினமும் இதே கதைதான். துபாயிலிருந்து ஒரு நாள் உபயம், சிங்கப்பூரிலிருந்து ஒரு நாள் உபயம். ஊரே சேர்ந்து என் வீட்டுக்காரர் நட்சத்திரத்துக்குத் தேங்காய் உடைத்தது. நான் வாயை மூடிக்கொண்டு விபூதி வாங்கிக்கொண்டேன். சிரிப்பை அடக்க எனக்குத்தான் பெரும் பாடாக இருந்தது.

ஆவணி பிறந்தது. மகளும் மாப்பிள்ளையும் சென்னையிலிருந்து வந்துவிட்டார்கள். ஓட்டு எண்ணுகிற சனிக்கிழமை, அருண் லேப்டாப்பில் ஓரிவா ரேடியோவைப் பிடித்துக் கொடுத்தார். சுந்தரேசன் லட்டோடு வந்து உட்கார்ந்தார். என் வீட்டு வேலைக்குத் துணையாக இருக்கும் கண்ணாத்தாளும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பாஷை ஒரு எழுத்தும் புரியவில்லை. மத்தோரு என்ற பெயர் மட்டும் அடிக்கடி வந்தது. மத்தியானம் அருண் போனில் எதையோ படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தோத்துட்டாரு அத்தை. கட்சியும் போச்சு, சொந்தத் தொகுதியும் போச்சு."

சுந்தரேசன் லட்டு டப்பாவை மூடினார். நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணாத்தாள் அழுகிறேன் என்று நினைத்து ஓடிவந்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு விசாலி பிறந்தபோதுதான் வந்தது.

ஓரிவாவிலிருந்து வாரத்துக்கு ஒரே ஒரு விமானம், வியாழக்கிழமை. அதைப் பிடித்தால் சிங்கப்பூர் வழியாக அடுத்த சனிக்கிழமை திருச்சி. திங்கள்கிழமை சாந்தி. கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஓட்டு எண்ணின அன்றைக்கு இவர் போன் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. நான் கூப்பிட்டால் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். திங்கட்கிழமை சுந்தரேசன் ஒரு செய்தியோடு வந்தார். கொண்டுவரத் தயங்கிய முகம் அது.

"அண்ணமிண்டி, பயப்படாதீங்க. புது அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டுருக்காம். பழைய அதிபர் ஆபீஸ்ல இருந்தவுக கணக்கு வழக்க ஒப்படைக்கிற வரைக்கும் யாரும் நாட்ட விட்டுப் போகக் கூடாதுன்னு. அண்ணன் மேல ஒரு தப்பும் இருக்காது. சும்மா ஒரு முறைக்குத்தான்."

 இவர் ஒரு காசைத் தொடாதவர் என்று எனக்குத் தெரியும். அந்த ஊர்ப் புது ராஜாங்கத்துக்குத் தெரிய வேண்டுமே. தோற்க வேண்டும் என்று கேட்டவள் நான். கேட்டது அப்படியே நடந்து, அதே தோல்வி இவரை அங்கே பூட்டி வைத்துவிட்டது. ஜெயித்திருந்தாலாவது போனில் குரல் கேட்டிருக்கும். அறுபது நடக்காவிட்டால் போகிறது, மனுஷர் முழுசாக வந்தால் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

தோற்றுப்போனவருக்கு எதற்கு அர்ச்சனை என்று ஊர்க்காரர்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பும் ஓய்ந்துவிட்டது. மண்டலம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் நான் மட்டும் தட்டோடு போய் நின்றேன். குருக்கள் என்னிடம் பெயர் கேட்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு போய், "அனுஷ நட்சத்திரே, விருச்சிக ராசௌ" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"மத்தோருவுக்கும் ஒண்ணு பண்ணுங்க சாமி. சுவாமி பேருலயே பண்ணுங்க" என்றேன் தீபாராதனை முடிந்த பிறகு. அந்தத் தீவில் இவருக்கென்று பேச அந்த ஒரு மனுஷரை விட்டால் யார் இருக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை கண்ணாத்தாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"தெய்வான, பிளேனுக்கு நிக்கிறேன்."

நான் கேட்பதற்குள் அவரே பேசினார். போனையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்து வாங்கி வைத்துவிட்டார்களாம். முந்தின நாள் மத்தோருவே ஆபீஸ் சாவியை எடுத்துக்கொண்டு, தனியாக நடந்தே புது அதிபர் வீட்டுக்குப் போயிருக்கிறார். நடந்து போகிற தூரம்தானே அந்த ஊர். 'கணக்கெல்லாம் மேசை மேல இருக்கு. எதைக் கேக்கணுமோ என்னைக் கேளுங்க, நான் இங்கனயே இருக்கேன். என் ஆளுக்கு அவுக ஊருல மறுபடி கல்யாணம். அவர விட்டுருங்க' என்றாராம். புது அதிபர் யார் என்று பார்த்தால் மத்தோரு பெண்டாட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. 'உடையப்பன் கடையில டின் மீன் வாங்கித்தான் நானும் வளந்தேன். கணக்குல ஒண்ணும் இல்லேன்னு எனக்கும் தெரியும்' என்று சொல்லிப் பாஸ்போர்ட்டையும் சார்ஜ் தீர்ந்துபோன போனையும் எடுத்து நீட்டிவிட்டாராம்.

"ஊருக்குக் கெளம்புங்கன்னு மத்தோரு சொல்லிட்டாரு. அவரு கடைசியாப் போட்ட உத்தரவு இதுதான் தெய்வான. உத்தரவு போட இனி அவருக்கு அதிகாரமும் இல்ல."

"அவரு எப்படி இருக்காரு?"

"ராத்திரி நல்லாத் தூங்குனாராம். இத்தன வருஷத்துல நேத்துதான் தூங்குனேன்னு சொன்னாரு. நாளைக்கு மீன் பிடிக்கப் போறாராம்." கொஞ்சம் நிறுத்தி, "நானும் தூங்கணும்" என்றார்.

சனிக்கிழமை திருச்சியிலிருந்து கார் வந்து நின்றது. எப்போதும் ஒரு சின்னப் பெட்டியோடு இறங்குகிறவர், இந்தத் தடவை மூன்று பெட்டியும் ஒரு பழைய மின்விசிறியும் இறக்கினார்.  திரும்பிப் போகிற மனுஷர் யாரும் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார். மூன்று பெட்டியையும் அன்றைக்கே திறந்து காலி செய்து பரணில் போட்டேன்.

திங்கட்கிழமை வீடு நிறைய உறவு. சுந்தரேசன் தொங்கின முகத்தோடு வந்தாலும், வந்த பிறகு பந்தியை மேனேஜ் செய்ய ஆரம்பித்துத் தெளிந்துவிட்டார். பிளக்ஸ் போர்டு எங்கே என்று யாரோ கேட்டார்கள். கண்ணாத்தாள் ஆட்டுக் கொட்டகைக்கு மேல் போட வாங்கிப் போய்விட்டாள். மத்தோரு முகத்துக்குக் கீழே ஆறு ஆடுகள் நனையாமல் படுத்திருக்கின்றன.

ஓமம் முடிந்து, எங்கள் இரண்டு பேரையும் மணையில் உட்கார வைத்துக் கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். மகளும் மாப்பிள்ளையும் பங்காளிகளும் வரிசையாக ஊற்றினார்கள். சுந்தரேசன் குடத்தைத் தூக்கியபோது குருக்கள், "அனுஷ நட்சத்திரே, விருச்சிக ராசௌ, உடையப்ப நாமதேயஸ்ய" என்றார். குடம் பாதியில் நின்றது.

"சாமி, அது பிரசிடெண்ட் நட்சத்திரமாச்சே."

"இல்ல சார். இவரோடது. ஆடியிலேர்ந்தே இவருக்குத்தான் பண்ணிண்டு இருக்கோம்" என்றார் குருக்கள், முகத்தில் எதையும் காட்டாமல்.

சுந்தரேசன் என்னைப் பார்த்தார். கூட்டமே என்னைப் பார்த்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நான் மணையைப் பார்த்தேன்.

"எனக்கா?" என்றார் இவர். "ஒரு மண்டலமா? எதுக்கு?"

"ஊருல எல்லாரும் சேந்து ஒங்களத்தான் கேட்டோம்ங்க" என்றேன். "அவுகளுக்குத்தான் தெரியாது."

முதலில் விசாலிதான் சிரித்தாள். பிறகு சுந்தரேசனுக்கே சிரிப்பு வந்து குடத்துத் தண்ணீரைத் தன் வேட்டியிலேயே கொட்டிக்கொண்டார். "அட்ரஸ் சரியாத்தான் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை எங்கள் தலையில் ஊற்றினார். இவர் சிரிக்கவில்லை. ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தார்.

ஈரம் மாற்றிப் பட்டு கட்டி வந்து உட்கார்ந்தோம். தாலியைத் தட்டில் எல்லாரிடமும் காட்டி இவர் கையில் கொடுத்தார்கள். கெட்டிமேளம் தொடங்கப் போகிற நேரம், அருண் கையிலிருந்த இவருடைய போன் அடித்தது. ஓரிவா நம்பர். மத்தோருதான். இவர் கை பழக்கத்தில் போன் பக்கம் பாதி தூரம் போனதை நான் பார்த்தேன். விசாலியும் பார்த்தாள். 

அந்தக் கை அங்கேயே நின்றது. பிறகு திரும்பி வந்தது.

"லைன்லயே இருக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார். "தாலி கட்டி முடியட்டும்."

அருண் போனை ஸ்பீக்கரில் போட்டு அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து மத்தோரு, தன் ரேடியோக் குரலில், "சரி ஆச்சி, மெதுவா" என்று தமிழில் சொன்னது எனக்கே கேட்டது. மூன்று முடிச்சு விழுகிற வரை அவர் காத்திருந்தார்.